கள்ளிக்கோட்டைக்குத் தெரியாத கள்ளிக்கோட்டைக் கோழி

ரொம்பக் காலத்துக்கு முன்னால், பவளத்துறை என்கிற கடற்கரை நாட்டைக் குமாரவிசயன் என்று ஒரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒரு புத்தி, மதியம் ஒரு புத்தி. கூட இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

ஒருநாள் ஏதோ ஒரு கப்பல் அவனுக்குக் காணிக்கையாக ஒரு பறவையை இறக்கிவிட்டுப் போய்விட்டது. மயில் அளவு உடம்பு, மொட்டைத் தலை, கழுத்தில் தொங்கும் சிவப்புச் சதை. யாராவது கிட்டே போனால் உடம்பை உப்பிக்கொண்டு கத்தும். ராஜாவுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஏன் பிடித்தது என்று சபைக்கே தெரியும்: அவனும் கோபம் வந்தால் அப்படித்தான் உப்பிக்கொண்டு கத்துவான். யாரும் வாயைத் திறக்கவில்லை.

"இது எந்த நாட்டுப் பறவை? பேர் என்ன?" என்று கேட்டான் ராஜா.

துறைமுகத்தில் கிடங்கு வைத்திருந்த நாலு வெள்ளைக்கார வியாபாரிகளைக் கூப்பிட்டார்கள். அவர்கள் பேச்சைத் தமிழாக்கிச் சொல்வது துபாஷி மீராசா மரைக்காயர் வேலை. அவர் ஒவ்வொருவரையும் கேட்டுச் சொன்னார்.

"பிரபு, ஒல்லாந்துக்காரர் இதைக் கள்ளிக்கோட்டைக் கோழிங்கிறார். பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலேருந்து வந்ததுங்கிறார். இங்கிலீஷ்காரர் துருக்கிங்கிறார். போர்ச்சுகீசியர் பெரு நாட்டுதுங்கிறார். அது மேற்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாடு."

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கள்ளிக்கோட்டை மிளகு வியாபாரி மாசா மாசம் இங்கே வர்றான். அவனே நேத்து இதைப் பார்த்து மிரண்டு ஓடினான். ஒரு கோழி எப்படிய்யா நாலு நாட்டுல பொறக்கும்?"

இதற்காகவே காத்திருந்தார் சிங்கணர். சபையில் பெரிய மனுஷர். அவர் வீட்டைக் காசியார் வீடு என்பார்கள். அந்தப் பேரை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இழுக்காமல் பேசமாட்டார். "காசியார் வம்சத்துல பொய் கிடையாது பிரபு, அதனால சொல்றேன். மரைக்காயருக்குப் பாதி பாஷை தெரியாது. மீதியை அவரே இட்டுக்கட்டுறார். என் மருமகன் நாலு பாஷையும் படிச்சவன்" என்றார்.

"நாளைக்குள்ள ஒரே பதில் வரணும். வரலேன்னா மரைக்காயர் கப்பலேறிடணும். திரும்பி இந்தக் கரையை மிதிக்கக் கூடாது" என்றான் ராஜா.

மரைக்காயர் மனைவிக்கு அது நிறைமாசம். கேட்டதை அப்படியே சொன்னவரால் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

மந்திரி ஆவுடையப்பர் மட்டும் எழுந்தார். "நாளைக்கு அந்த நாலு பேருக்கும் விருந்து வைப்போம் பிரபு. சிங்கணர் மருமகனே துபாஷியா இருக்கட்டும்."

சிங்கணருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் இலை போட்டார்கள். மரைக்காயர் ஓரமாக நின்றார். ராஜாவுக்கு உயிரான பறங்கிக்காய்க் கூட்டு வந்தது. மந்திரி மருமகனிடம் சொன்னார்: "தம்பி, இந்தக் காய்க்கு நாங்க வெள்ளைக்காரங்க, அதாவது பறங்கியர் பேரைத்தான் வச்சிருக்கோம். இது உங்கள்ல யார் ஊர்க் காய்னு கேளுங்க."

மருமகன் கேட்டான். ஒல்லாந்துக்காரர் தலையாட்டினார், இல்லை. மற்ற மூவரும் அதேதான். போர்ச்சுகீசியர் மட்டும் கூடுதலாக ஏதோ சொன்னார்.

"இவங்க யார் ஊர்லயும் பொறந்தது இல்லையாம் பிரபு" என்றான் மருமகன். "அவங்க முன்னோருக்கே தெரியாதாம். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்து கொண்டு வந்தாங்களாம்."

"அப்போ பொய் சொன்னது யாரு? உங்க மருமகனா?" மந்திரி சிங்கணரைப் பார்த்தார்.

"அவன் ஏன் பொய் சொல்றான்?"

"அப்போ நம்ம சமையக்கட்டுதான் இத்தனை நாளாப் பொய் சொல்லிக்கிட்டு இருக்கு."

ராஜா கையில் எடுத்த கவளத்தைப் பார்த்தபடி இருந்தான்.

மந்திரி மெதுவாகச் சொன்னார்: "பொய் இல்லை பிரபு. இந்தக் காயை இறக்கினவன் பறங்கி. காய் எங்கே பொறந்துதுன்னு நாம கேட்கலை, கொண்டு வந்தவன் பேரையே வச்சுட்டோம். அவங்களும் அந்தப் பறவைக்கு அப்படித்தான் பேர் வச்சிருக்காங்க. காசியாரே, உங்க வீட்ல யார் காசிக்குப் போனது?"

சிங்கணர் இலையைப் பார்த்தார். "யாரும் போகலை. எங்க தாத்தா காசிச் செம்பு வித்தாரு."

சபை சிரித்தது. சிங்கணர் சிரிக்கவில்லை. ராஜா மீராசா மரைக்காயரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். "நீர் எங்கேயும் போக வேணாம். காசியாரே, இனிமே அந்தப் பறவைக்குத் தீனி போடறது உம்ம வேலை. கொத்தும், ஜாக்கிரதை." பிறகு மீராசா பக்கம் திரும்பினான். "துருக்கிக்காரன் அதை என்னனு சொல்றான், தெரியுமா?"

"தெரியும் பிரபு. நம்மளைக் கைகாட்டுறான். இந்தியாக்காரன்னு சொல்றான். தன் ஊரை விட்டுட்டு வேற ஊரையே ஒவ்வொருத்தனும் காட்டுறான்."

"நாம என்னனு கூப்பிடலாம்?"

"தங்கள் பேரையே வச்சிடலாம்" என்றார் சிங்கணர், அந்த நிலைமையிலும்.

"வேணாம். நூறு வருஷம் கழிச்சு அதை நான் பெத்தேன்னு சொல்வாங்க." ராஜா அண்ணாந்து பார்த்தான். "நாம எந்த நாட்டையும் காட்ட வேணாம். மேலே காட்டிடுவோம். வான்கோழி."

நிஜமாகவே அந்தப் பேர் அப்படித்தான் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கதையில் அப்படித்தான் வந்தது.

ராஜா இன்னொன்றும் கேட்டான். "மரைக்காயரே, இவங்க நம்ம நாட்டை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க?"

மீராசா கொஞ்சம் தயங்கினார். "உப்புக்காரங்க நாடுன்னு, பிரபு."

"நம்மகிட்ட உப்பளமே கிடையாதே."

"பக்கத்து நாட்டு உப்பு. நம்ம துறையில கப்பல்ல ஏத்துறாங்க."

ராஜா நாலு வியாபாரிகளும் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு இலையைக் காட்டினான்.

"இன்னும் கொஞ்சம் பறங்கிக்காய் போடுப்பா."