தொட்டாற்சிணுங்கிக்குள் ஓடிய மின்சாரம்

பூரணியம்மாவின் குடிலில் இருந்த சீடர்களில் மூத்தவர் திருமேனி. அம்மாவைவிடவே பத்து வயது பெரியவர். மின்சாரத்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி செண்பகம் காலமான பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

ஒருநாள் காலை, தோட்டத்துத் தொட்டாற்சிணுங்கியின் தண்டில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி மீட்டரோடு இணைத்தார். ஓரத்து இலை ஒன்றில் ஊதுபத்தியின் நெருப்பை வைத்தார். மீட்டரின் முள் துள்ளியது. சற்று நேரத்தில், சூடே படாத இலைகளும் ஒவ்வொன்றாகக் கூம்பின.

வேலையில் இருந்த காலத்து உற்சாகம் திரும்பிவிட்டது அவருக்கு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“ஒரு இலையில சூடு பட்டா செடிக்குள்ள மின்சாரம் ஓடுதும்மா. அதுதான் மத்த இலைகளுக்குச் சேதி சொல்லுது. இன்னொரு தடவை வைக்கிறேன், பாருங்க.”

நீட்டிய கையை அம்மா பிடித்துக்கொண்டார்.

“ஒரு தடவை பார்த்தாச்சே, ஐயா.”

திருமேனி ஊதுபத்தியை மண்ணில் குத்தி அணைத்தார். கருகிய இலையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அதுக்கு வலிக்குமா அம்மா?”

“தெரியலையே.” அம்மா குனிந்து கம்பிகளைக் கழற்றத் தொடங்கினார்.

திருமேனி செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வாயில்லாத செடிக்குக்கூட ஒரு மீட்டர் இருக்கு. செண்பகம் வாய் இருந்தும் ஒண்ணும் சொல்லமாட்டா. அவ அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்போ, ஊருக்குப் போயிட்டு வரட்டுமான்னு கேட்டா. என் மேலதிகாரி எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றதா இருந்துச்சு. அடுத்த வாரம் போகலாம்னேன். அதுக்குள்ள அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. அதுக்கப்புறமும் அவ என்னை ஒரு வார்த்தை கேட்கல. உள்ளே என்ன ஓடுதுன்னு காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்லாமப் போச்சே அம்மா.”

“அடுத்த வாரம்னு நீங்க சொன்னப்போ உங்க சம்சாரம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?”

“எனக்குக் குழம்பு ஊத்திக்கிட்டு இருந்தா.”

அம்மா கடைசிக் கம்பியையும் கழற்றினார்.

“கரண்டி அப்படியே நின்னுச்சு,” என்றார் திருமேனி. “கொஞ்ச நேரந்தான். அப்புறம் ஊத்தினா.”

“நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.” அவர் குரல் இறங்கியது. “பார்த்துட்டு, அப்பளம் கேட்டேன்.”

அம்மா கம்பிகளைச் சுருட்டி அவர் கையில் வைத்தார்.

“அன்னிக்கும் முள் துள்ளியிருக்கு, ஐயா.”