கிழக்குக் கரைக் களிமண்

மூங்கில் காட்டின் ஆற்றோரத்தில் ஓர் ஈச்ச மரம் நின்றது. அதில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஆடிக் காற்று தொடங்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அந்தக் குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டைப் பின்னுவது ஆண் குருவி. அதைச் சோதிப்பது பெண் குருவி. பாதி பின்னிய கூட்டில் தொங்கிப் பார்ப்பாள், இழுத்துப் பார்ப்பாள், உலுக்கிப் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் பறந்துவிடுவாள். ஆண் குருவி வேறு கூடு பின்ன வேண்டியதுதான்.

இழையாள் என்ற குருவி அதிகம் பேசாதவள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அன்று காலை தன் கணவன் மஞ்சளன் பின்னிய கூட்டை அவள் மூன்று முறை உலுக்கிப் பார்த்தாள்.

"பின்னல் நன்றாக இருக்கிறது. களிமண் எங்கே?"

மஞ்சளன் அசடு வழிந்தான். "ஆமை அண்ணன் இன்னும் கொண்டுவரவில்லை."

களிமண் இல்லாத கூடு அரைக் கூடுதான். உட்சுவரில் ஈரக் களிமண்ணை அப்பி வைப்பார்கள். அந்தக் கனம்தான் காற்றில் கூடு கவிழாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் கறுப்புக் களிமண் மூங்கில் காட்டில் கிடையாது. ஆற்றின் கிழக்குக் கரையில், நாவல் காட்டில்தான் கிடைக்கும்.

அதனால் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. இரண்டு காடுகளுக்கும் நெடுநாளாக ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஆற்றில் வரிசையாகக் கிடக்கும் பாறைகள் வழியே யாரும் எதையும் கொண்டுபோகலாம், கொண்டுவரலாம். தடை இல்லை, வரி இல்லை. குருவிகள் கோரைப் புல்லில் கூடை பின்னி அக்கரைக்கு அனுப்பும். அங்கே இருக்கும் நீர்நாய்கள் பிடித்த மீனை அந்தக் கூடைகளில் அடைத்துத் தண்ணீருக்குள் வைத்துக்கொள்ளும். பதிலுக்குக் களிமண் தரும். முதுகில் சுமந்து போய்வருவது ஆமைகளின் தொழில்.

இழையாள் ஆற்றங்கரைக்குப் பறந்தாள். முதல் பாறையில் ஆமை வெறும் முதுகோடு உட்கார்ந்திருந்தது.

"என்ன அண்ணே, வெயில் காய்கிறீர்களா?"

"வயிறு காய்கிறது அம்மா!" என்றது ஆமை. "பாறையைத் தாண்டக் கூடாதாம். ஒப்பந்தத்தை நம் ராஜா முறித்துவிட்டாராம். மாலையில் அத்தி மரத்தடியில் எல்லோருக்கும் சொல்லப் போகிறார்."

மாலையில் காடே அத்தி மரத்தடியில் கூடியது. ராஜா கருங்கொம்பன் ஒரு காட்டெருமை. கால் குளம்பால் தரையைத் தட்டிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"நாம் அனுப்புவது என்ன? நம் குருவிகள் பாடுபட்டுப் பின்னிய கூடைகள்! அவர்கள் தருவது என்ன? மண்! வெறும் மண்! மூங்கில் காட்டில் மண்ணா இல்லை?"

"இருக்கிறது! இருக்கிறது!" என்று கூட்டம் கத்தியது.

பக்கத்தில் நின்ற அமைச்சர் உடும்பு தலையைத் தூக்கி முழங்கினார். "நம் மண் நமக்குப் போதும்!"

"நம் மண் நமக்குப் போதும்!" குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக் கூவின. முயல்கள் எதற்கென்று தெரியாமலே குதித்தன.

"இனிமேல் அக்கரை மண்ணைத் தொடுகிறவர் காட்டுத் துரோகி!" என்றார் உடும்பு. "கூடு கட்டுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். என் செம்மண் மேடு இருக்கவே இருக்கிறது. ஓர் அலகு மண்ணுக்கு ஐந்தே ஐந்து புழு!"

மேடு யாருடையது என்பதை இழையாள் கவனித்தாள். கேள்வி தொண்டைவரை வந்தது. சுற்றிலும் அத்தனை தலைகளைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள்.

மறுநாள் மஞ்சளன் செம்மண் வாங்கிவந்து கூட்டில் அப்பினான். மதியத்துக்குள் அது காய்ந்தது. இழையாள் உலுக்கினாள். பொலபொலவென்று அவள் தலையிலேயே கொட்டியது.

"இது மண் இல்லை, மாவு" என்றாள்.

"கொஞ்சம் அனுசரித்துப் போயேன். எல்லோரும் இதைத்தானே வாங்குகிறார்கள்?"

"நான் அனுசரித்துப் போவேன். காற்று அனுசரித்துப் போகுமா?"



பக்கத்துக் கிளையில் இருந்த சின்னாள் அனுசரித்துப் போனாள். செம்மண் கூட்டில் இரண்டு முட்டை இட்டாள். நான்காம் நாள் ஒரு காற்று வந்தது. ஆடிக் காற்றுகூட இல்லை, சும்மா ஒரு காற்று. கூடு இரண்டு சுற்றுச் சுற்றித் தலைகீழாகக் கவிழ்ந்தது. இரண்டு முட்டைகளும் கீழே இருந்த கல்லில் விழுந்து உடைந்தன.

சின்னாள் அழவில்லை. கூட்டின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இழையாள் அவள் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். அவளுக்கும் வயிறு கனத்துவிட்டது. இன்னும் மூன்று நாளில் எங்கேயாவது முட்டையிட்டாக வேண்டும். எங்கே இடுவது?

காட்டில் மற்றதும் சரியில்லை. சுமை இல்லாத ஆமைகள் பசியோடு கரையில் படுத்துக் கிடந்தன. வாங்க ஆளில்லாத கூடைகள் ஈச்ச மரத்தடியில் குவிந்து மக்கத் தொடங்கின. காகங்கள் களிமண்ணைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து, பாதிக்குப் பாதி மணல் கலந்து, அலகுக்கு முப்பது புழு கேட்டன. ராஜாவின் குட்டையும் வற்றியது. ஆண்டுதோறும் ஆமைகள் அதன் அடியில் களிமண் மெழுகும். இந்த முறை மெழுகவில்லை. தண்ணீர் மணலில் இறங்கிவிட்டது.

"இது அக்கரையின் சதி!" என்றார் உடும்பு.

காட்டில் ஒருவர் மட்டும் செழிப்பாக இருந்தார். புழு தின்று தின்று உடும்பின் வயிறு பெருத்து, சொந்த வளைக்குள்ளேயே அவரால் நுழைய முடியவில்லை.

மறுநாள் காலை இழையாள் சின்னாளின் கவிழ்ந்த கூட்டைக் கவ்வினாள். "எங்கே தூக்கிக்கொண்டு போகிறாய்?" என்று பதறினான் மஞ்சளன்.

"சபைக்கு. ஒரு பக்கம் பிடியுங்கள்."

இருவருமாகக் கூட்டைத் தூக்கிப்போய், அத்தி மரக் கிளையில், சரியாக உடும்பின் தலைக்கு மேலே தொங்கவிட்டார்கள். சபை நிமிர்ந்து பார்த்தது. இழையாள் வாயைத் திறந்தாள். குரல் காற்றாக வந்தது.

"சத்தமாகப் பேசம்மா!" என்றார் உடும்பு. "தொண்டையில் என்ன, மண் அடைத்துவிட்டதா?"

கூட்டம் சிரித்தது.

இழையாளுக்குக் காதுவரை சுட்டது. அந்தச் சூட்டிலேயே குரலும் வந்துவிட்டது. "ஆமாம் ஐயா, உங்கள் மேட்டு மண்தான்! தொண்டையில் நன்றாகத்தான் ஒட்டுகிறது. கூட்டில்தான் ஒட்டமாட்டேன் என்கிறது!"

இப்போது கூட்டம் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தது.

"மகாராஜா, நான் வாதாட வரவில்லை" என்றாள் இழையாள். "அமைச்சர் வீட்டில் முட்டைகள் இருக்கின்றன. அதில் ஒன்றைக் கொண்டுவந்து இந்தச் செம்மண் கூட்டில் ஒரே ஒரு பகல் வைக்கட்டும். விழாமல் இருந்தால் நான் இனிமேல் களிமண் என்று வாயைத் திறக்கமாட்டேன்."

"என் முட்டையா?" உடும்பின் நாக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வந்தது. "உடும்பு முட்டை தரையில் இருப்பதுதானே முறை!"

"நம் மண் போதும் என்றீர்களே?"

"போதும்தான்! யார் இல்லை என்றது? ஆனால் காற்று அடிக்கிறதே!"

தான் என்ன சொன்னோம் என்று உடும்புக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு குரங்கு கிளையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தது.

கருங்கொம்பன் குளம்பை ஓங்கித் தட்டினார். "போதும்! ஒரு முட்டை போனால் இன்னொரு முட்டை. காட்டின் மானம் போனால் வருமா?"

"கல்லில் விழுந்து உடைந்தது காட்டின் மானம் இல்லை மகாராஜா. சின்னாளின் பிள்ளைகள்."

"உத்தரவு உத்தரவுதான்! பாறையைத் தாண்டுகிறவள் சிறகை வெட்டிப் போடுவேன்!"

"அப்படியானால் நாளை உச்சிவெயிலில் தாண்டுகிறேன். ஒளிந்து போக நான் திருடி இல்லை. வெட்டுகிறவர் வந்து வெட்டட்டும்!"



மறுநாள் சூரியன் உச்சிக்கு வந்தது. இழையாள் ஆற்றைத் தாண்டினாள். வேண்டுமென்றே தாழப் பறந்தாள். கரையில் காவலிருந்த கீரி வாயைப் பிளந்து பார்த்தது.

நடுப் பாறையில் ஒரு நீர்நாய் எழுந்து நின்றாள். "வராதே! உங்கள் ராஜா கதவை அடைத்தார் என்று எங்கள் ராணியும் அடைத்துவிட்டாள். மூங்கில் காட்டாருக்கு ஒரு பிடி மண் கிடையாது."

இழையாள் பாறையில் இறங்கினாள். நீர்நாயின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தாள். "மீன் கிடைக்கிறதா அக்கா?"

நீர்நாயின் முகம் வாடியது. "பிடிக்கிறேன். வைக்கத்தான் கூடை இல்லை. ஒன்றைக் கரையில் போட்டுவிட்டு அடுத்ததற்கு முங்கினால் முதல் மீனைப் பருந்து தூக்கிவிடுகிறது. குட்டிகள் இரண்டு நாளாகப் பட்டினி."

"எங்கள் மரத்தடியில் உங்கள் கூடைகள் மக்கிக்கொண்டிருக்கின்றன."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மண் எடுத்தால் உன் சிறகை வெட்டுவாராமே?" என்றாள் நீர்நாய்.

"கொடுத்தால் உங்கள் ராணி என்ன செய்வாள்?"

"வாலை வெட்டுவாளாம்."

"வால் இல்லாமல் நீந்த முடியுமா?"

"குட்டிகள் பட்டினி கிடக்கும்போது வாலை வைத்துக்கொண்டு என்ன செய்ய?" என்றாள் நீர்நாய். தடாலென்று தண்ணீரில் பாய்ந்தாள். கிழக்குக் கரையிலிருந்து இரண்டு கை நிறையக் கறுப்புக் களிமண்ணோடு வந்தாள்.

இழையாள் ஓர் அலகு மண் எடுத்துக்கொண்டு திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் சின்னாள் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஈச்ச மரத்துப் பெண் குருவிகள் அத்தனை பேரும் பாறைக்குப் பாறை வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கும் பின்னால் ஆமைகள், முதுகில் கூடைகளோடு, மெதுவாக ஊர்ந்து வந்தன.

"நில்லுங்கள்!" என்று கத்தியது கீரி. "ஐயோ, யாரை முதலில் பிடிப்பது?"

"எங்களைக் கேட்டால் எப்படி? நீதானே காவல்!" என்றது ஆமை.

கீரி ஓடிப்போய் ராஜாவை அழைத்துவந்தது. உடும்பும் மூச்சு வாங்க வந்தார். கரையெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"வெட்டுங்கள் அவள் சிறகை!" என்றார் உடும்பு.

ஒருவரும் அசையவில்லை. கருங்கொம்பன் தானே கரையோர முதல் பாறைவரை வந்து குளம்பைத் தூக்கினார்.

இழையாள் ராஜாவின் எதிரில் இறங்கினாள். அலகில் மண் இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. வலது சிறகை மெல்ல விரித்தாள். அவர் குளம்புக்கு நேர் கீழே, பாறையின் மேல் அதை நீட்டி வைத்தாள். பிறகு அவர் கண்ணைப் பார்த்தாள்.

அந்தச் சிறகு ஒரு மூங்கில் இலை அளவுதான் இருந்தது.

சின்னாள் வந்து இறங்கித் தன் சிறகை அதன் பக்கத்தில் வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். அதற்கடுத்தவளும் வைத்தாள். பாறையில் இடம் போதாமல் அடுத்த பாறையிலும் சிறகுகள் விரிந்தன.

தூக்கிய குளம்பு தூக்கியபடியே நின்றது. எவ்வளவு நேரம்தான் ஒரு காட்டெருமை மூன்று காலில் நிற்க முடியும்? கருங்கொம்பன் குளம்பைப் பார்த்துப் பார்த்து, சிறகுகளுக்கு அப்பால், ஓரமாக இறக்கினார்.

"தாகமாக இருக்கிறது" என்று முனகினார். யாரையும் பார்க்காமல் ஆற்றில் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தார்.

இழையாள் பறந்தாள்.

ஒரு பொழுதுக்குள் மஞ்சளன் களிமண்ணை அப்பி முடித்தான். அவள் தொங்கினாள், இழுத்தாள், உலுக்கினாள். ஒரு பொட்டு மண்கூட உதிரவில்லை. அன்றே உள்ளே போனாள்.

ஆடிக் காற்று சொன்ன நாளில் வந்தது. மூங்கில்கள் தரையைத் தொட்டு எழுந்தன. ஈச்ச மரத்துக் கூடுகள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடின. ஒன்றுகூடக் கவிழவில்லை. செம்மண் மேடுதான் புழுதியாகப் பறந்து உடும்பின் கண்ணில் விழுந்தது.

ராஜாவின் உத்தரவை யாரும் திரும்பப் பெறவில்லை. அதை யாரும் மதிக்கவும் இல்லை. அக்கரை ராணியும் யார் வாலையும் வெட்டவில்லை. தினமும் உச்சிவெயிலில் ஆமைகள் சுமையோடு ஆற்றைத் தாண்டின. அந்த நேரம் பார்த்துக் கீரிக்குத் தூக்கம் வந்துவிடும்.

காற்று ஓய்ந்ததும் மஞ்சளன் கூட்டின் வாயில் தலையை நீட்டினான். "உள்ளே எப்படி இருக்கிறது?"

"மூன்று முட்டையும் பத்திரம்" என்றாள் இழையாள். "நாளைக்கு இன்னும் ஓர் அலகு மண் வேண்டும். நானே போகிறேன். எல்லோரும் பார்க்கப் போகிறேன்."

அண்டை நாட்டோடு உள்ள கொடுக்கல் வாங்கலை வீம்புக்காக முறிப்பவர் ஆள்பவர், அதற்கு விலை கொடுப்பவர்களோ குடிகள்; அந்த விலையைத் தரமாட்டோம் என்று குடிகள் ஒன்றாக நிமிர்ந்துவிட்டால், எப்பேர்ப்பட்ட வீம்பும் வழிவிட்டுத்தான் ஆக வேண்டும்.