தலைமயிர் முடியான கதை

அந்தக் காலத்தில், மனுசரும் குருவியும் ஒரே பாஷை பேசித் திரிந்தபோது, கூந்தலைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் யாருக்கும் கிடையாது. விரித்துப் போட்டபடியே நடப்பார்கள், அப்படியே படுப்பார்கள். சிக்கெடுத்தே பாதி ஆயுசு போய்விடும், போங்கள்.

பூவாயிக்கு முழங்கால் வரை கூந்தல். மத்தியானம் கஞ்சி குடித்ததும் கிணற்றடிப் பனை நிழலில் அதைப் பரப்பிப் போட்டுத் தூங்குவாள். அந்தப் பனையில் ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. புல்லில் பின்னிய கூட்டைப் பெட்டை வந்து பார்த்து, சொரசொரப்பாக இருக்கிறதென்று இரண்டு முறை ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது. ஆண் குருவிக்கு ரோஷம் வந்துவிட்டது. கீழே இறங்கி, தூங்குகிறவள் தலையிலிருந்து மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போய்ப் பின்னியது.

ஒவ்வொரு மயிரோடும் ஒரு நினைவு போயிற்று. முதல் நாள் குழம்புக்கு உப்புப் போட மறந்தாள். மறுநாள் பிறந்த ஊர் மறந்தது. ஏழாம் நாள் தூங்கி எழுந்தவள், இடுப்பில் ஏறவந்த மகளைப் பார்த்து, "இது யார் பிள்ளை?" என்று கேட்டாள். அதே நேரம் கூட்டுக்குள்ளிருந்து பூவாயியின் குரலே, "மாடத்தி, வா தாயி" என்று கூப்பிட்டது. பிள்ளை கிணற்றுப் பக்கம் நடந்தது.

பூவாயியின் நாத்தனார் சுடலி ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்தாள். அண்ணாந்து பார்த்தால், கூடு முழுக்க மதினியின் மயிர். மதினியின் நினைவைத் திருப்பிக் கொடு என்று குருவியிடம் கெஞ்சினாள். குருவி ஒன்றும் கல்நெஞ்சு இல்லை. பின்னியதைப் பிரித்துத் தருகிறேன், நினைவும் கூடவே வரும், ஆனால் கூட்டின் வாயைப் பின்னித் தீர்த்துவிட்டால் பிறகு என்னாலும் பிரிக்க ஆகாது என்றது. சொல்லிவிட்டு முதல் இழையை அலகால் இழுத்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. பூவாயியின் கூந்தல் பறக்க, பனையிலிருந்த மற்றக் குருவிகளும் மயிர் பிடுங்க அதன்மேல் இறங்கின. சுடலி பதறிவிட்டாள். கூந்தலைச் சுருட்டிக் கட்டிக்கொள்ளச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், பாவி.

"முடி, மதினி, முடி!"

கூடு கட்டுகிற குருவிக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். வேலையை முடி. நாலே இழுப்பில் அது கூட்டின் வாயைப் பின்னித் தீர்த்துவிட்டது.

பூவாயி கூந்தலை முடிந்துகொண்டாள். தலையில் மிஞ்சியது மிஞ்சியதுதான், போனது போனதுதான். மகளின் பெயரை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் கையை நீட்டி, "மாடத்தி" என்று கூப்பிட்டாள். பிள்ளை அவள் பக்கம் திரும்பவே இல்லை. பனையை அண்ணாந்து பார்த்து, "வாரேன்ம்மா" என்றது.

அன்று முதல்தான் பெண்கள் தலை சாய்க்குமுன் கூந்தலை முடிந்துகொள்கிறார்கள். அதற்கு முடி என்ற பேரும் அன்றைக்கு ஒட்டியதுதான்.