வக்கீல் வீட்டு பிளக்

திருநெல்வேலி வக்கீல் ஆவுடையப்பன், சீரியல்களைத் திருட்டுத்தனமாக டவுன்லோடு செய்கிறவர்கள் மேல் டிவி கம்பெனிகளுக்காக வழக்கு நடத்துகிறவர். அவர் பேச ஆரம்பித்தால் கேட்பவருக்குத்தான் கொட்டாவி வரும், அவருக்கு வராது.

அன்றைக்குக் கம்பெனி மேனேஜர் எதிரே உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுவந்த சமையல்காரி இசக்கியம்மாளின் போனில் ஒரு பழைய சீரியல் இறங்கிக்கொண்டிருந்தது வக்கீல் கண்ணில் பட்டுவிட்டது.

"என் வீட்டுக்குள்ளேயே திருட்டா? இதைக் கொடுக்கிற ஆளை இப்பவே காட்டு. இல்லேன்னா வேலையும் கிடையாது, நேரே போலீஸ்தான்."

இன்டர்நெட்டில் ஊர் பேர் தெரியாத ஆளை எங்கே போய்க் காட்டுவது? இசக்கியம்மாள் பதறவில்லை.

"எடுக்கிறவ குத்தம் பெருசாய்யா, கொடுக்கிறவர் குத்தம் பெருசா?"

"கொடுக்கிறவன்தான் முதல் குற்றவாளி. எடுத்தவளை மன்னிச்சாலும் அவனை விடக்கூடாது," என்றார் வக்கீல், மேனேஜரைப் பார்த்துக்கொண்டே.

"சரிங்கய்யா. இந்தச் சீரியலை உலகத்துலயே ஒருத்தர்தான் தன் கம்ப்யூட்டர்ல இருந்து கொடுக்காரு. என் போன் சொந்த நெட்டுல ஓடுது. ஆனா நம்ம வீட்ல கரண்ட் போனா, பாவம், அவருக்கும் போயிருது."

வக்கீல் ஒருத்தர் மட்டுமே தொடுகிற கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வீட்டு நெட்டுக்கான மோடம் இருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கினாள். போனில் டவுன்லோடு நின்றது. திரும்ப மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஓடத் தொடங்கியது.

மேனேஜர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"கொடுக்கிறது விஷயமா சட்டத்துல ரெண்டு அபிப்பிராயம் உண்டு," என்றார்.

"அப்ப பிளக் இருக்கட்டும்யா. கடைசி எபிசோடு பாதிதான் வந்திருக்கு."