பல்லு வச்ச கார்

தலகாணிக்கு அடியில கை என்ன பண்ணுது, ஆவுடை? ஒண்ணும் இல்லையா? சரி, ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல. காலை நீட்டு. போர்வையை இழுத்துக்க. இப்போ சொல்லு பாப்போம், என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கார் இருந்தா, அதுல எத்தனை பேர் ஏறலாம்?

"ஒரு எறும்பு."

ஒண்ணுதானா? சித்தெறும்புன்னா குடும்பத்தோட ஏறலாம். கட்டெறும்புன்னா ஒண்ணுதான், அதுவும் காலை வெளியில நீட்டிக்கிட்டு. சிரிக்காத, அப்புறம் தூக்கம் போயிரும். கேளு.

ஒரு ஊர்ல ஒரு பல்லு கட்டுற மாமா இருந்தாரு. பேரு நம்பிராஜன். பல்லெல்லாம் விழுந்துபோனவங்களுக்குப் புதுப்பல்லு செஞ்சு தர்றதுதான் அவருக்கு வேலை. டாக்டர் வாய்க்குள்ள அச்சு எடுத்து அனுப்புவாரு. மாமா அதை வச்சு ரோஸ் கலர்ல ஈறு செஞ்சு, அதுல வரிசையா பல்லை நட்டு, டர்ர்ர்னு தேச்சு, பளபளன்னு ஆக்கிக் குடுப்பாரு. அவர் மேசையில எப்பவும் நாலு செட்டு பல்லு ஈன்னு சிரிச்சுக்கிட்டே இருக்கும்.

அந்த மாமாவுக்கு ஒரு தங்கச்சி. அவ பேரு கோமதி. தையல் மிஷினை மிதிச்சு மிதிச்சே ஒரு குட்டிக் கார் வாங்கினா. பழைய கார்தான். ஆனா அவளுக்கு அது ராணி. சந்தன வெள்ளை. பின்கண்ணாடியில ஒரு கிளி ஸ்டிக்கர். ஞாயித்துக்கிழமையானா வாளியும் துணியுமா நின்னு அதைக் குளிப்பாட்டுவா.

அப்போ ஒருநாள் மத்தியானம், கோமதி பிள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு அவளும் அசந்து தூங்குறா. நம்பி மாமா வந்தாரு. ஆணியில சாவி தொங்குது. பாத்தாரு. இந்தப் பக்கம் பாத்தாரு. அந்தப் பக்கம் பாத்தாரு. எடுத்துட்டாரு!

டுர்ர்ர்... கார் போகுது. வாய்க்கால் பாலத்துக்கிட்ட ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. சட்டுனு ஸ்டியரிங்கை ஒடிச்சாரு. டமால்! தொபுக்கடீர்! கார் வாய்க்காலுக்குள்ள.

"ஆடு?"

ஆடு அந்தப்பக்கம் நின்னு மேஞ்சுச்சு. மாமாவுக்கு முழங்கால்ல சிராய்ப்பு, அவ்வளவுதான். கார்தான் எந்திரிக்கவே இல்ல. பழைய இரும்புக் கடைக்காரங்க வந்து இழுத்துட்டுப் போயிட்டாங்க.

"மாமா அழுதாரா?"

அழுதிருந்தாக்கூடப் பரவால்லையே. பொய் சொன்னாரு! "நான் தொடவே இல்ல கோமு. அதுவா உருண்டு போயிருச்சு"ன்னாரு. சொட்டச் சொட்ட ஈர வேட்டியோட நிக்காரு, தலையில ஒரு கொத்துப் பாசி தொங்குது, சொல்றதைப் பாரு!

கோமதி கத்தல. "கார் போனாப் போகட்டும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சாவியை நானே எடுத்துக் கையில தந்திருக்க மாட்டேனா?"ன்னா. அவ்வளவுதான். அன்னையிலருந்து அண்ணன்கூடப் பேச்சே இல்ல. அண்ணன் தெருவுல வந்தா இவ உள்ள போயி மிஷினை கடகடகடன்னு மிதிப்பா, துணியே இல்லாம.

ம் சொல்லு. தூங்கிட்டியா?

"ம்."

அப்புறம் என்னாச்சு, கோமதி பிள்ளைக்குக் காது குத்தணும்னு கோயில்ல நாள் குறிச்சாங்க. காது குத்தணும்னா பிள்ளை யார் மடியில உக்காரணும்?

"மாமா மடியில."

ஆங், தாய்மாமன் மடியில. ஆனா கோமதி ஊரையெல்லாம் கூப்பிட்டா, கூடப்பிறந்த அண்ணனை மட்டும் கூப்பிடல. "எங்க பெரியப்பா மகன் இருக்கான்லா, அவன் மடியில உக்கார வச்சுக்கிடலாம்"னு சொல்லிட்டா. நம்பி மாமாவுக்கு அது காதுல விழுந்துச்சு. கையில இருந்த பல்லு செட்டைக் கீழ வச்சுட்டாரு. எம் மருமக இன்னொருத்தன் மடியில உக்காந்து காது குத்துவாளா? அன்னைக்குச் சோறே இறங்கல. கோமதி முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசணுமே, வெறுங்கையோட எப்படிப் போறது? நொறுங்கின காரை எங்க போயித் தேடுறது?

அப்போதான் அவருக்கு ஒண்ணு தெரியவந்துச்சு. ரெசின்னு ஒரு சாமான். ஊத்தும்போது பாகு மாதிரி இருக்கும், ஆறினா எலும்பு மாதிரி இறுகிரும். பட்டணத்துல ஒருத்தர் அதை அச்சுல ஊத்தி, குட்டிக்குட்டிக் காரா வார்த்து, தனித்தனிப் பாகமா தபால்ல அனுப்புறாராம். நாமதான் தேச்சு, ஒட்டி, பெயின்ட் அடிச்சுக்கணும். கோமதி வச்சிருந்த அதே கார் இருக்கான்னு மாமா கேட்டாரு. இருக்குன்னாரு.

பார்சல் வந்துச்சு. எவ்வளவு பெருசு? தீப்பெட்டி அளவு. உள்ள ஒரு உடம்பு, நாலு சக்கரம், சீட்டு, ஸ்டியரிங்கு, காரோட மூஞ்சிக்கு ஒரு கண்ணாடி, பக்கத்துல வைக்க ஒரே ஒரு சைடு கண்ணாடி, அது எள்ளு அளவு. மாமா பாத்துட்டு, "பூ, இவ்வளவுதானா? நான் ஆயிரம் பல்லு கட்டினவன்"னாரு.

அங்கதான் வந்துச்சு வினை.

மொத வாட்டி என்ன பண்ணாரு, பெட்டியிலருந்து எடுத்தாரு, அப்படியே புஸ்ஸு புஸ்ஸுன்னு பெயின்ட் அடிச்சாரு. பெயின்ட் ஒட்டவே இல்ல. தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி முத்து முத்தா ஓடுது. ஏன்னா, அச்சுலருந்து வழுக்கிக்கிட்டு வெளிய வர்றதுக்கு ஒரு எண்ணெய் தடவியிருப்பாங்களாம். அதைக் கழுவாம விட்டுட்டாரு. காரெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆயிருச்சு.

அடிச்ச பெயின்டை எல்லாம் சுரண்டி எடுத்தாரு. ரெண்டாம் வாட்டி, எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர்தானேன்னு சொல்லிட்டு, கொதிக்கக் கொதிக்க ஊத்தி அதுல காரைப் போட்டாரு. குளுக். எடுத்துப் பாத்தா கூரை ஒரு பக்கமா சாஞ்சு போச்சு! வெயில்ல வச்ச மெழுகுவத்தி கணக்கா. மாமா மறுபடியும் வெந்நீர்ல முக்கி, சூட்டோட சூடா ரெண்டு விரலால மெல்ல மெல்ல நிமித்தி, பச்சைத்தண்ணியில சளக்குனு போட்டாரு. நிமிந்து நின்னுக்கிச்சு. "வாய்க்கால்ல விழுந்தப்போகூட இந்தக் காருக்கு இவ்வளவு கஷ்டம் குடுக்கலியே"ன்னு அவரே சொல்லிக்கிட்டாராம்.

"ம்."

அப்புறம் ஒழுங்கா சோப்பு போட்டு, பழைய பல்லு பிரஷ்ஷால தேச்சுக் கழுவினாரு. அங்கங்க ஊசி முனை மாதிரி ஓட்டை இருந்துச்சு. ஈறு செய்ற ரோஸ் கலர் மாவைக் குழைச்சு அதுல அடைச்சாரு. பெயின்ட் என்ன கலர் அடிக்கிறது? அவர் கடையில பல்லு கலர் பாக்குற அட்டை ஒண்ணு இருக்கும். யாருக்கு வெள்ளைப்பல்லு, யாருக்கு வெத்தலை போட்ட பல்லுன்னு பாக்குறதுக்கு. கோமதி காரோட போட்டோவுக்குப் பக்கத்துல அந்த அட்டையை வச்சு வச்சுப் பாத்தாரு. மூணாவது பல்லு அப்படியே ஒத்துப்போச்சு. அதே சந்தன வெள்ளை!

மூணாம் வாட்டிதான் பெரிய சோதனை. எள்ளு அளவு சைடு கண்ணாடி இருந்துச்சுல்ல, அதைச் சின்னக் கிடுக்கியால புடிச்சாரு. மூச்சைப் புடிச்சுக்கிட்டாரு. டிக்! தெறிச்சிருச்சு. எங்க போச்சுன்னே தெரியல. மாமா முட்டி போட்டுத் தேடுறாரு. அந்த நேரம் பாத்து அடுத்த தெரு வேலம்மா ஆச்சி வந்துட்டாங்க.

"எலே நம்பி, எம் பல்லு எங்கல?"

"ஆச்சி, அசையாதீய! காலைத் தூக்காதீய!"

"என்னல, பாம்பா?"

"பாம்பு இல்ல, கார்ல உள்ள ஒரு சாமான்."

"கடைக்குள்ள காரை எங்கல வச்சிருக்க? கிறுக்குப் பிடிச்சிருச்சா? வெள்ளிக்கிழமை காதுகுத்துல நான் வடை திங்கணும், ஆமா!"

கடை முழுக்கப் பெருக்கி அள்ளிப் பாத்தாரு. பல்லு கிடைச்சுது, பொத்தான் கிடைச்சுது, கண்ணாடி மட்டும் இல்ல. அப்போ மேசையில இருந்த பல்லைப் பாத்தாரு, காரைப் பாத்தாரு. கீழ்வரிசை முன்பல்லுலயே ரொம்பச் சின்னதா ஒண்ணை எடுத்து, டர்ர்ர், டர்ர்ர், ராவி ராவி எள்ளு அளவாக்கி, ஒட்டிட்டாரு! கலரும் அதே கலர். யாரும் கண்டுபிடிக்க முடியாது.

காதுகுத்து அன்னைக்குக் காலையில மூஞ்சிக் கண்ணாடி ஒண்ணுதான் பாக்கி. நல்ல பசை காய நேரம் ஆகும். அவசரத்துல, தொட்டவுடனே ஒட்டுற பசையைப் போட்டு, டப்பாவுல வச்சு மூடிட்டாரு. மருமகளுக்குக் கம்மலை ஒரு பையில போட்டுக்கிட்டு, டப்பாவை இன்னொரு பையில போட்டுக்கிட்டு, கூப்பிடாத கோயிலுக்கு விறுவிறுன்னு போனாரு.

அங்க மேளம் டும் டும்ங்குது. ஆசாரி ஊசியைத் துடைச்சு வச்சுட்டாரு. மொட்டை போட்ட பிள்ளைக்குச் சந்தனம் தடவியாச்சு. பெரியப்பா மகன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உக்காரப் போறான்.

நம்பி மாமா டப்பாவைத் திறந்து கோமதி முன்னால நீட்டினாரு.

கோமதி பாத்தா. கதவு இருக்கு. சீட்டு இருக்கு. பின்னால கடுகு அளவுல அந்தக் கிளிகூட இருக்கு. கண்ணுல தண்ணி முட்டுது. ஆனா அவ லேசுப்பட்டவளா? மூஞ்சியை இறுக்கமா வச்சுக்கிட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் மொத வார்த்தை பேசுறா.

"இந்தக் கண்ணாடி என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"அது... பல்லு."

"என்னது?"

"கண்ணாடி தெறிச்சுப் போச்சு கோமு. கீழ்வரிசைப் பல்லு ஒண்ணை வச்சிருக்கேன்."

கோமதி உதட்டைக் கடிச்சுக்கிட்டா. கழுத்தைத் திருப்பிக்கிட்டா. முடியல. புளுக்குனு சிரிச்சுட்டா! பக்கத்துல வேலம்மா ஆச்சி, பல்லே இல்லாம, "அது என் பல்லாதான் இருக்கும்"னாங்க.

அப்புறம் கோமதி திரும்பவும் மூஞ்சியை இறுக்கிக்கிட்டு, "மூஞ்சிக் கண்ணாடி ஏன் வெள்ளை வெளேர்னு இருக்கு? இதுவும் அதுவாத்தான் ஆச்சாக்கும்?"ன்னா.

மாமாவும் அப்பதான் பாக்காரு. அந்தப் பசையோட ஆவி டப்பாக்குள்ளயே நின்னு, கண்ணாடியெல்லாம் பனி மூடின மாதிரி ஆயிருக்கு! மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "இல்ல கோமு. நான்தான். அவசரப்பட்டுட்டேன். அன்னைக்கும் நான்தான் ஓட்டினேன். கார் அதுவா உருளல"ன்னாரு.

"அது எனக்குத் தெரியாதாக்கும்? தலையில பாசி தொங்குச்சே!"

அப்போ மாமா மெதுவா, சின்னப்பிள்ளை கேக்குற மாதிரி கேட்டாரு. "கோமு, உன் காரைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போகட்டுமா? பல்லுக்குப் போடுற பொடியைப் போட்டுத் தேச்சா கண்ணாடி தெளிஞ்சிரும். சாயங்காலம் கொண்டாந்து தந்துர்றேன்."

மேளக்காரங்ககூட அடிக்கிறதை நிறுத்திட்டாங்க. கோமதி பிள்ளையைத் தூக்கி அண்ணன் மடியில வச்சா. "மொதல்ல இவளைப் புடி. கெட்டியாப் புடி, உதைப்பா"ன்னா. ஆசாரி ஊசியை வச்சாரு. பிள்ளை வீல்ல்ல்னு கத்தி, மாமா மூக்குலயே ஒரு உதை விட்டா. மாமா கண்ணுல பொலபொலன்னு தண்ணி. உதைச்சது வலிச்சுச்சோ என்னமோ.

"எம்மா..."

ம்?

"இந்தக் காதா?"

அந்தக் காதுதான். அந்தக் கம்மல்தான். உதைச்சதும் இந்தக் காலுதான், கொண்டா, ஒரு முத்தம் தர்றேன்.

அப்புறம் சாயங்காலம் கண்ணாடி பளிச்சுனு ஆகி, கார் வீட்டுக்கு வந்து அலமாரியில ஏறிருச்சு. காரை நிறுத்தியாச்சு, கதையையும் நிறுத்தியாச்சு. வெளக்கை அணைக்கட்டுமா? கண்ணை மூடு. என்ன, திரும்பவும் தலகாணிக்கு அடியில கை போகுது?

"எம்மா... உன் காரை இன்னைக்கு மட்டும் நான் கையில வச்சுக்கிட்டுத் தூங்கட்டுமா?"