திருப்புளியில் பல் தடம்

கோவை கணபதியில் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி ஒன்று. அங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்து நான்கு.

சீடர் நாச்சிமுத்து இருபத்தாறு வருடமாக மோட்டார் சோதிக்கிறவர். ஓடுகிற மோட்டாரில் திருப்புளி முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். அவர் தலையாட்டினால்தான் மோட்டார் பெட்டிக்குள் போகும்.

குரு பூங்கொடி, புதுக் கருவி ஒன்றைச் சொல்லிக்கொடுக்க வந்தவள். கருவி உள்ளங்கை அகலம்தான். அடியில் காந்தம், மோட்டாரில் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். சத்தத்தை வாங்கி போனில் கோடாக வரைந்து காட்டும். பழுது என்றால் கோடு சிவப்பு, இல்லையென்றால் பச்சை.

பத்து நாள் நாச்சிமுத்து அந்தப் பக்கமே திரும்பவில்லை. பதினோராம் நாள் நேரே வந்து நின்றார்.

"ஏனுங் அம்மணி, இது வந்துட்டா எனக்கு இங்க என்ன வேலை?"

பூங்கொடி மூன்று மோட்டாரை ஓடவிட்டாள்.

"இதுல எதுங்ண்ணா சரியில்லை?"

திருப்புளியை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். "மூணும் தங்கமுங்க."

அவள் கருவியை ஒட்டினாள். நடு மோட்டாருக்குச் சிவப்பு.

"மிஷினுக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சு" என்றார்.

அவள் திருப்புளியை வாங்கிக் கைப்பிடியைக் காட்டினாள். வரிசையாகப் பல் தடம்.

"எத்தனை நாளா யாரும் பார்க்காதப்ப கடிச்சுக் கேக்கறீங்க?"

காதுக்கு எட்டாத சத்தம் பல் வழியாகக் கொஞ்சம் ஏறும். மனுசன் அதை வைத்துத்தான் ஒப்பேற்றியிருக்கிறார்.

"ரெண்டு வருசமாச்சுங்க" என்றார். "காது போச்சுன்னு தெரிஞ்சா, வீட்டுல போய் உக்காருன்னு சொல்லிருவாங்க. அதான் மறைச்சுட்டேன்."

பூங்கொடி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பழுதுன்னு மட்டுந்தான் இது சொல்லும். என்ன பழுதுன்னு இதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்க பாருங்க."

பார்த்தார். கோடு சீராகப் போனது, ஓரிடத்தில் துள்ளியது, மறுபடி சீராகப் போனது, மறுபடி துள்ளியது. அவர் விரல் தானாக மேஜையில் தட்ட ஆரம்பித்தது. டக். டக். டக்.

"அட! பேரிங்குங்க! உள்ள ஒரு குண்டு அடிபட்டுக் கெடக்குது!"

கழற்றினார்கள். ஒரு குண்டில் கடுகளவு பள்ளம்.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. சிவப்புக் கோடு வந்து ஒதுக்கி வைத்த மோட்டாரையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். "இது கிரீஸ் பத்தலை. இது உள்ள சுத்தற ரோட்டர் உரசுது. இதுக்கு ஒண்ணுமே இல்லீங்க, அடி போல்ட்டு லூசு!" ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. லேத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் ஓடிவந்து விசிலடித்தார்கள். மேனேஜர் முண்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு ஒரு சேர் போடுங்கப்பா" என்றார். இருபத்தாறு வருடம் நின்றுகொண்டே கேட்டவர், அன்றுதான் உட்கார்ந்தார்.

"அம்மணி, காது திரும்ப வந்துருச்சுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் கொள்ளாத சிரிப்பு.

கொஞ்ச நேரம் கழித்து, அவருக்கு ஒரு சந்தேகம்.

"நான் சொல்றதையெல்லாம் இந்த மிஷின் கத்துக்குமுங்களா?"

"கத்துக்கும்."

"அத்தனையும் கத்துக்கிட்டா?"

பூங்கொடி எழுந்து போனாள். கம்பெனி முதன்முதலாக அந்த வாரம்தான் செய்து முடித்த சோலார் மோட்டார் ஒன்று மூலையில் இருந்தது. அதை ஓடவிட்டு, கருவியை ஒட்டி, போனை அவரிடம் நீட்டினாள். சிவப்புக் கோடு. ஏறுவதும் இல்லாமல் இறங்குவதும் இல்லாமல் என்னவோ போல் நெளிந்தது.

நாச்சிமுத்து உற்றுப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். தாளம் கிடைக்கவில்லை.

"இந்த மாதிரி ஒண்ணை நான் கேட்டதே இல்லீங்களே!"

சொல்லும்போதே சேரை விட்டு எழுந்துவிட்டார். கை ஸ்பேனரைத் தேடியது.

"அதாங்ண்ணா உங்க வேலை" என்றாள் பூங்கொடி.