இன்பவள்ளியின் கைராசி

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு. எங்கோ மாறிப்போயிருக்கிறது என்று நினைத்து யாரும் திருத்த வேண்டாம், அப்படித்தான் இருந்தது.

குருவின் பெயர் பிலோமினா. கொடைக்கானலிலிருந்து மேல்மலைக்குப் பிரியும் சாலையோரத்தில் டீசல் வண்டிகளுக்கு ஒரு பட்டறை வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் மேஸ்திரி என்றால் அவள்தான்.

சீடர் சபாபதி பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருடம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். இன்ஜினைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பது எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு வண்டி படுத்துக்கொண்டால் அதில் எது கெட்டது என்று கண்டுபிடிக்கத் தெரியாது. அதை அவரே வாய்விட்டு ஒப்புக்கொண்டு, கற்றுக்கொள்ள வந்து நின்றார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

வந்த முதல் நாளே கேட்டார்.

"மேஸ்திரி, பழுத எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? காத வச்சா, கைய வச்சா?"

"எனக்கும் சரியாச் சொல்லத் தெரியல சார். வண்டி ஏதாவது வரட்டும், பாப்போம்."

மார்கழியில் ஒரு புதன்கிழமை மத்தியானம் வண்டி வந்தது. பழைய டீசல் பிக்கப். பின்தட்டு முழுக்கப் பூண்டுத் தோல். ஓட்டி வந்தவன் மச்சக்காளை, மேல்மலையில் காரட்டும் பீன்ஸும் பூண்டும் ஏற்றி விடியுமுன் சந்தைக்கு இறக்குகிறவன். பக்கத்தில் அவன் மனைவி இன்பவள்ளி. பேசியது அவள்தான்.

"அக்கா, காலையில செல்ப் சுத்துது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஒரு தடவ எடுத்துருச்சுன்னா அன்னைக்குப் பூரா பிரச்சன இல்ல. ரெண்டு வருஷமா குளிர் வந்தா இதே கததான்."

"அப்ப தெனமும் எப்படி எடுக்குறீங்க?"

"நான் வெந்நி ஊத்துவேன்."

மலையில் குளிர்ந்த இன்ஜினுக்கு வெந்நீர் ஊற்றுவது எல்லோரும் செய்கிற காரியம். சபாபதி தலையாட்டினார்.

"ஆனா அவரு ஊத்துனா எடுக்காதுக்கா. நான் ஊத்துனாத்தான் எடுக்கும். என் கைராசின்னு ஊருல சொல்றாங்க."

சபாபதி சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. கடைசி பெஞ்சுப் பையன் எதையாவது உளறினால் வாத்தியாருக்கு வருமே, அந்தச் சிரிப்பு.

இன்பவள்ளிக்கு முகம் சுருங்கியது. பைக்குள்ளிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்துப் பிலோமினாவிடம் நீட்டினாள்.

"அங்கன்வாடி டீச்சர் வேல கெடச்சிருக்குக்கா. திங்கக்கெழம பத்து மணிக்குத் திண்டுக்கல்லுல இருக்கணும். முப்பது நாள் ட்ரெயினிங். போகலேன்னா லிஸ்ட்டுல அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க. நான் போயிட்டா வண்டிய யாரு எடுக்குறது? ஆறு வீட்டுச் சரக்கு இதுலதான் எறங்குது."

மச்சக்காளை தரையைப் பார்த்தான். "போக வேணாம்னு நான் சொல்லலக்கா. வண்டி எடுக்கணும்ல, அதத்தான் சொன்னேன்."

"ஒண்ணு வண்டியச் சரி பண்ணிக் குடுங்க," என்றாள் இன்பவள்ளி. "இல்லாட்டி என் கைராசிய எடுத்து விட்டுருங்க. ரெண்டுல ஒண்ணு நடந்தாத்தான் எனக்கு வேல."

பிலோமினா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "சார், பாருங்க," என்றாள்.

சபாபதி ஒன்றும் விடாமல் பார்த்தார். பேட்டரி நன்றாக இருந்தது. குளிரில் இன்ஜினைச் சூடாக்கிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக் நான்கும் சரியாகச் சூடாயின. ஆயில் சரி, கம்ப்ரெஷன் சரி. சாவியைத் திருப்பினால் ஒரே சுற்றில் வண்டி எடுத்தது. எல்லாவற்றையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதினார். எல்லாக் கட்டத்திலும் சரி, சரி என்றே வந்தது.

"ஒரு கோளாறும் இல்ல மேஸ்திரி."

"இப்ப இல்ல."

"அப்ப எப்ப இருக்கும்?"

"காலையில. அதுவும் மொதத் தடவ சாவி திருப்புறப்ப மட்டும். எடுத்துட்டா இன்ஜின் சூடாகிரும், அப்பறம் அதுகிட்ட என்ன கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லும். ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் சார் கேக்க முடியும். பாத்துக் கேளுங்க."

திங்கட்கிழமைக்கு முன் நான்கு காலைகள் இருந்தன.

வண்டியைப் பட்டறையிலேயே விட்டுப் போகச் சொன்னார் சபாபதி. வியாழக்கிழமை விடியற்காலையில் சாவியைத் திருப்பினார். உடனே எடுத்தது. அவருக்கு ஏக சந்தோஷம்.

"பாத்தீங்களா! வெந்நியும் வேணாம், கைராசியும் வேணாம்."

"வண்டி ராத்திரி எங்க சார் நின்னுச்சு?"

"நம்ம ஷெட்டுக்குள்ள. கதவ அடைச்சிட்டுத்தான் போனேன்."

"அவங்க வீட்டுல ஷெட் இருக்கா?"

சபாபதி நோட்டை மூடினார். அன்றே மச்சக்காளையை வரச் சொல்லி வண்டியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை இருவரும் பிலோமினாவின் ஜீப்பில் மேல்மலைக்கு ஏறினார்கள். புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாய்க் கிடந்தது. மச்சக்காளை வீட்டு வாசலில் பிக்கப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு டம்ளர் கடுங்காப்பியோடு சிரித்துக்கொண்டு வந்தான்.

"வாங்கக்கா, வாங்க சார். இந்தக் குளிர்ல உங்களக் காக்க வைக்கலாமா? அதான் வெள்ளனவே வெந்நி ஊத்தி ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டோம்."

விருந்தாளி வருமுன் வாசலைக் கூட்டி வைக்கிற மாதிரி வண்டியைச் சூடாக்கி வைத்திருக்கிறான். அவனைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. சபாபதி தலையில் கை வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பிலோமினா காப்பியைக் குடித்தாள். "காப்பி நல்லா இருக்கு. நாளைக்கு நாங்க வந்தப்பறம் தொடுங்க," என்றாள்.

சனிக்கிழமை யாரும் தொடவில்லை. சபாபதி பானெட்டைத் திறந்து ஹீட்டர் பிளக்கில் மீட்டரை வைத்தார். பிலோமினா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். செல்ப் சுற்றியது, சுற்றியது, வண்டி எடுக்கவில்லை. சபாபதிக்கு அந்தச் சத்தமே தேனாக இருந்தது. கடைசியில் நோய் கண்ணில் பட்டுவிட்டதே!

"கரண்ட் சரியாப் போகுது மேஸ்திரி! மீட்டர்ல கரெக்டா காட்டுது!"

"பின்னாடி புகை வந்துச்சா சார்?"

அவர் நிமிர்ந்தார். "பாக்கல."

"நானும் பாக்கல. உள்ள உக்காந்திருந்தேன்."

மச்சக்காளை பம்பரின் மேல் ஏறி நின்று ஒரு வாளி வெந்நீரை இன்ஜின் தலையில் கவிழ்த்தான். எடுக்கவில்லை. இன்பவள்ளி ஒரு சொம்போடு வந்து மெதுவாக ஊற்றினாள். எடுத்துவிட்டது.

"அவர் ஊத்துன சூடு ஏற நேரமாயிருக்கும்," என்றார் சபாபதி. "அதுக்குள்ள இவங்க வந்துட்டாங்க. தற்செயல்தான்."

"ரெண்டு வருஷமா தெனமும் தற்செயலா சார்?"

அன்று மத்தியானம் இன்பவள்ளி போன் செய்தாள். "அக்கா, பையில துணி எடுத்து வைக்கவா, வேணாமா?"

"எடுத்து வைங்க."

சபாபதிக்குப் பொறுக்கவில்லை. "எந்த நம்பிக்கையில சொல்றீங்க?"

"துணி மடிக்கிறதுக்கு வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டியதில்லையே சார்."

ஞாயிற்றுக்கிழமை சபாபதி மீட்டரைத் தொடவே இல்லை. நேராக வண்டிக்குப் பின்னால் போய் சைலன்சருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிலோமினா சாவியைத் திருப்பினாள். செல்ப் சுற்றியது. சைலன்சரில் ஒன்றுமே வரவில்லை.

"புகை இல்ல!" என்று கத்திக்கொண்டு எழுந்து வந்தார். "ஹீட்டர் பிளக் போயிருந்தா வெள்ளப் புகையாவது வரணும். பொட்டு கூட இல்ல. இன்ஜினுக்கு டீசலே போய்ச் சேரல மேஸ்திரி!"

"சரி. ஏன் சேரல?"

"பம்புதான். எறக்கி மதுரைக்கு அனுப்பணும். நாலு நாள் ஆகும்."

சொம்போடு நின்ற இன்பவள்ளி அதைக் கேட்டாள். திரும்பி வீட்டுக் கதவைப் பார்த்தாள். உள்ளே அவளுடைய பை அடுக்கி முடிந்து கட்டிலின் மேல் இருந்தது.

பிலோமினா கீழே இறங்கி வந்தாள்.

"இன்பவள்ளி, இன்னைக்கு நீங்க ஊத்த வேணாம். சொம்ப சார்கிட்ட குடுங்க. நீங்க எங்க நிப்பீங்களோ அங்க அவர நிக்க வைங்க. எங்க ஊத்துவீங்களோ அத வெரலால காட்டுங்க."

"நானா?" என்றார் சபாபதி.

"ஆமா சார். உங்க கையத்தான் பாப்போம்."

வண்டியின் வலது பக்கம் மண்மேடு. அங்கே நிற்க முடியாது. இடது பக்கம் ஒரு துவைகல் கிடந்தது. இன்பவள்ளி அதைக் காட்டினாள். அவள் குட்டையான பெண். கல்லில் ஏறி நின்றாலும் இன்ஜின் வரைக்கும் கை போகாது. இந்தப் பக்க ஓரத்தில் இருக்கும் டீசல் பில்டர் வரைதான் போகும்.

"எனக்கு அம்புட்டுத்தான் சார் எட்டும். அதனால இங்கயே ஊத்திருவேன்."

சபாபதி ஊற்ற ஆரம்பித்தார்.

"மெதுவா சார். கொழந்தைக்குத் தல ஊத்துற மாதிரி."

சொம்பு காலியானது. பிலோமினா சாவியைத் திருப்பினாள். செல்ப் சுற்றியது. வண்டி ஒருமுறை இருமியது. பிறகு குப்பென்று புகையைத் தள்ளிக்கொண்டு எடுத்துவிட்டது.

மச்சக்காளைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அக்கா, சாருக்கும் கைராசி இருக்குக்கா!"

இந்த முறை சபாபதி சிரிக்கவில்லை. கல்லின் மேல் நின்றபடியே தண்ணீர் சொட்டுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பில்டரிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸ் அது. கட்டைவிரல் பருமன். கிளிப் போட்ட முனையில் விறைத்து, நூல் நூலாக வெடித்திருந்தது.

"மேஸ்திரி," என்றார் மெல்ல. "குளிர்ல இது சுருங்குது. கிளிப்புக்குள்ள சந்து விழுது. ராத்திரியெல்லாம் அது வழியாக் காத்து ஏறி, டீசல் டேங்குக்கே எறங்கிருது. காலையில செல்ப் சுத்துனா டீசலுக்குப் பதிலா காத்தத்தான் இழுக்குது. வெந்நி பட்டா ரப்பர் எளகி அடச்சுக்குது."

"ம்."

"அவர் வாளியோட கவுக்குறது இன்ஜின் மேல. இதுல ஒரு சொட்டு விழாது."

"ம்."

"பகல்ல சூட்டுல இது ஒழுங்கா இருக்கும். அதான் நான் பாத்தப்ப எல்லாம் சரியா இருந்துச்சு."

பிலோமினா ஜீப்பிலிருந்து முழ நீளம் புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் எடுத்து வந்தாள். மாட்டுவதற்கு இருபது நிமிடம் ஆனது. மாட்டியது சபாபதி.

"அப்ப சரியாயிருச்சாக்கா?" என்று கேட்டாள் இன்பவள்ளி.

"நாளைக்குக் காலையில வண்டிகிட்டயே கேப்போம். வெந்நிக்கு அடுப்பு மட்டும் பத்த வைக்காதீங்க."

திங்கட்கிழமை பனி இன்னும் அதிகமாக இருந்தது. சரக்கு அனுப்புகிற ஆறு வீட்டுக்காரர்களும் போர்வையோடு வந்து நின்றார்கள். இன்பவள்ளி புதுச்சேலை கட்டியிருந்தாள். இரண்டு வருடமாக இந்த நேரத்தில் சொம்பு பிடித்த கைகள். இன்று அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். காலடியில் பை இருந்தது.

மச்சக்காளை உள்ளே ஏறி உட்கார்ந்தான். ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்தான். சாவியைத் திருப்பினான்.

செல்ப் ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றில் வண்டி எடுத்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்பவள்ளி சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கைய நம்பித்தான் போன வருஷம் என் தங்கச்சி பிரசவத்துக்குக்கூட நான் போகல," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மச்சக்காளை வண்டியை ஓடவிட்டு இறங்கி வந்தான். பையைத் தூக்கி முன்சீட்டில் வைத்தான். பிறகு, "ஏறு, பத்து மணிக்குள்ள போகணும்ல," என்றான்.

ஏறப் போனவள் திரும்பிப் பிலோமினாவிடம் வந்தாள்.

"அக்கா, அப்ப என் கைராசி?"

"எடுத்து விட்டுட்டேன். நீங்கதான கேட்டீங்க?"

இன்பவள்ளி அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பிக்கப் வளைவில் இறங்கி மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

குருவும் சீடரும் ஜீப்பில் ஏறினார்கள். சபாபதி நோட்டைத் திறந்தார். எழுதவில்லை.

"மேஸ்திரி."

"சொல்லுங்க சார்."

"புதன்கிழம அந்தம்மா கைராசின்னு சொன்னப்ப நான் சிரிச்சேன். நீங்க சிரிக்கல."

"ம்."

"நீங்க கைராசிய நம்புறீங்களா?"

பிலோமினா ஜீப்பின் சாவியைத் திருப்பினாள்.

"நம்பல சார். ஆனா அவங்க பொய் சொல்லலையே."